கணினிக் கல்வி இயங்குதளத்திலிருந்து தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இணையப் பதிப்பை யாங்கோனிலிருந்து தொடர்ந்து வாசித்து வருபவன் நான். இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபத்தில் மாலை நேரங்களில் தமிழும் கணினியும் சொல்லிக்கொடுப்போரில் ஒருவன். கணினிக் கல்வி குறித்து அண்மையில் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, தொடக்கநிலை மாணவர்கள் கற்க வேண்டியவை என்று தட்டச்சு, வேர்டு, எக்செல், படம் திருத்துதல் ஆகியவற்றோடு இப்போது செயற்கை நுண்ணறிவையும் சேர்த்து ஒரு வரிசையைத் தந்திருந்தது. அந்த வரிசையில் அமைப்பு மென்பொருளுக்கும், விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்துக்கும் ஓரிடமும் இல்லை. கட்டுரையாளரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை; எங்கள் ஊரின் தனியார் கணினி மையங்களிலும் ஏறக்குறைய இதே பாடத்திட்டம்தான் நடக்கிறது. ஆனால் விடுபட்டுப்போன அந்தப் பகுதியே முதல் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

எங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே எங்கேனும் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள். எழுத்தைத் தடிப்பாக்கவும் அட்டவணை போடவும் அவர்களுக்குத் தெரியும். நேற்று தட்டச்சு செய்த கடிதம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "வேர்டில் இருக்கிறது" என்கிறார்கள். வேர்டைத் திறந்தவுடன் அண்மைக் கோப்புகளின் பட்டியல் கண்ணில் படுவதால், கோப்பு அதற்குள்ளேயே குடியிருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். அதையே வேறொரு கணினிக்குக் கொண்டுபோக வேண்டும், அல்லது தவறி அழித்ததை மீட்க வேண்டும் என்று வந்தால் கை ஓடுவதில்லை. கோப்பை வைத்துக் காப்பது வேர்டு அன்று, இயங்குதளத்தின் கோப்பு முறைமை. வேர்டு அதனிடம் கேட்டு வாங்குகிறது, திரும்ப ஒப்படைக்கிறது. இதை அறிந்த பிள்ளைக்கு வேர்டே இல்லாத கணினியிலும் வழி தெரியும்.

கடிதம் எழுத, கணக்குப் போட, பாட்டுக் கேட்க என்று நாம் நேரடியாகப் பயன்படுத்துபவை பயன்பாட்டு மென்பொருள்கள். அவை ஓடுவதற்குத் தளம் அமைத்துக் கொடுப்பது அமைப்பு மென்பொருள். இயங்குதளம், சாதனங்களை இயக்கும் டிரைவர்கள், தாய்ப்பலகையின் சில்லில் பதிந்திருக்கும் தொடக்க நிரல், மனிதர் எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், வட்டைச் சரிபார்ப்பது போன்ற பராமரிப்புக் கருவிகள் ஆகிய அனைத்தும் இந்த வகையில் அடங்கும். இந்த வரையறையை மனப்பாடம் செய்யவைப்பதில் பயனில்லை. பொத்தானை அழுத்தியதிலிருந்து திரை வரும்வரை நடப்பதை ஒருமுறை நிதானமாகச் சொன்னால் பிள்ளைகளே பிரித்துக்கொள்வார்கள்.

மின்சாரம் வந்தவுடன் கணினியின் மூளையான பிராசஸர் முதலில் தேடிப்போவது ஹார்டு டிஸ்க் எனப்படும் வட்டை அன்று. தாய்ப்பலகையிலுள்ள சிறு சில்லில் பயாஸ் என்றும், இப்போதைய கணினிகளில் யூஇஎஃப்ஐ என்றும் வழங்கப்படும் நிரல் அதற்கெனக் காத்திருக்கிறது. அது தற்காலிக நினைவகமான ரேம், விசைப்பலகை, வட்டு ஆகியவை உரியபடி இருக்கின்றனவா என்று பார்த்து, எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்து, அங்குள்ள பூட் லோடர் என்னும் சிறிய நிரலை அழைக்கிறது. பூட் லோடர் கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் கருவை ரேமில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதன்பின் கெர்னல் ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய டிரைவரை இணைத்து, முதல் பயனர்நிலை நிரலைத் தொடங்கிவைக்கிறது. அதிலிருந்தே கடவுச்சொல் கேட்கும் திரைவரை அனைத்தும் கிளைக்கின்றன. கணினி எழவில்லை என்று ஒருவர் வந்தால், இந்தப் படிகளில் எந்தப் படியில் நின்றுவிட்டது என்று பார்க்கத் தெரிவதே பாதி மருத்துவம். தயாரிப்பாளரின் சின்னம்கூடத் தெரியவில்லை என்றால் அது விண்டோஸின் கோளாறாக இருக்க வழியில்லை. சின்னம் தெரிந்தபின் சுழன்றுகொண்டே இருந்தால் ரேமைக் கழற்றித் துடைப்பதில் பெரும்பாலும் பொருளில்லை.

கெர்னலின் வேலையை விளக்க நான் கோயில் திருவிழாவின் உக்கிராண அறையைத்தான் சொல்வது வழக்கம். சமையல்காரர் ஆனாலும் பூக்கட்டுபவர் ஆனாலும் அறைக்குள் தாமே நுழைந்து அரிசியையோ எண்ணெயையோ அள்ள முடியாது; உக்கிராணக்காரரிடம் கேட்க வேண்டும், அவர் அளந்து கொடுத்துக் கணக்கில் எழுதிக்கொள்வார். அதுபோலவே எந்தப் பயன்பாட்டு மென்பொருளும் வட்டையோ திரையையோ இணையத்தையோ நேரடியாகத் தொடுவதில்லை. கெர்னலிடம் விண்ணப்பிக்கிறது, கெர்னல் உரிமை உண்டா என்று பார்த்துச் செய்து கொடுக்கிறது. இந்த எல்லையைக் காப்பது மென்பொருளின் நல்லெண்ணம் மட்டும் அன்று. கெர்னல் ஓடும் நிலை வேறு, பயனர் நிரல்கள் ஓடும் நிலை வேறு என்று பிராசஸரே பிரித்து வைத்திருக்கிறது.

இந்தப் பிரிவினையின் பொருள் என்ன என்பதை உலகமே ஒரு நாள் பார்த்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பு ஒன்றால், ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோயின என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமான நிலையங்களில் பயணிகள் காத்துக் கிடந்தார்கள். ஒரு மென்பொருள் பிழை முழுக் கணினியையும் எப்படிச் சாய்க்கும் என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். வேர்டு போன்ற ஒன்று தவறு செய்தால் கெர்னல் அதை மட்டும் மூடிவிட்டு மற்றவற்றை ஓடவிடும். ஆனால் அந்தப் பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர் கெர்னலின் நிலையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஒன்று தடம் புரண்டால், மேற்கொண்டு ஓடித் தரவுகளைக் கெடுப்பதைவிட நின்றுவிடுவதே மேல் என்று விண்டோஸ் தானே நிறுத்திக்கொள்கிறது. நீலத் திரை என்பது அந்த முடிவின் அறிவிப்புத்தான். இதைச் சொன்னபின் அவள் கேட்ட அடுத்த கேள்வி, "அப்படியானால் கண்ட டிரைவரையெல்லாம் ஏன் இறக்கிப் போடுகிறோம்?" என்பது. நல்ல கேள்வி.

கெர்னலின் மற்ற பணிகளில் நேரப் பங்கீடும் நினைவகப் பங்கீடும் முக்கியமானவை. பிராசஸருக்குள் இருக்கும் கோர் எனப்படும் செயலலகு ஒன்று ஒரு நேரத்தில் ஒரு நிரலின் கட்டளைகளைத்தான் செய்கிறது என்று தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம். மில்லிவினாடிக் கணக்கில் முறை மாற்றி விடுவதால், பாட்டும் தட்டச்சும் ஒன்றாக நடப்பதாக நமக்குத் தோன்றுகிறது. விண்டோஸ் 3.1 காலத்தில் நிரல்கள் தாமாக முறையை விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு வாய்ப்பு. ஒன்று உறைந்தால் எல்லாம் உறைந்தன. இன்று கெர்னலே கடிகாரத் துடிப்பைக் கொண்டு முறையைப் பறித்துக் கொடுக்கிறது. ரேம் போதாதபோது, உடனே தேவைப்படாத பகுதிகளை வட்டுக்கு அனுப்பிவைத்து, கேட்கும்போது திரும்பக் கொண்டுவருகிறது. எங்கள் வகுப்பின் பழைய மடிக்கணினிகளில் உலாவியில் சில தாவல்களைத் திறந்தவுடன் வட்டின் விளக்கு ஓயாமல் மினுக்குவதும், சுட்டி நகர மறுப்பதும் இந்தக் கொண்டுபோய்க் கொண்டுவரும் வேலையால்தான். "வைரஸ் வந்துவிட்டது" என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். எந்த நிரல் எவ்வளவு ரேமை எடுத்துக்கொள்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினால் அந்த அச்சம் போய்விடும்.

பர்மாவில் இருப்பவர்களுக்கு இயங்குதள அறிவு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று மின்வெட்டு, மற்றொன்று எழுத்துரு.

மின்சாரம் இங்கே முறை வைத்து வருகிறது. முறை வந்தாலும் சொன்ன நேரத்தில் நிற்கும் என்ற உறுதியில்லை. மின்கலம் செத்துப்போன மடிக்கணினியில் வேலை செய்யும் பிள்ளை சேமி என்பதை அழுத்திய மறுகணமே விளக்கு அணைகிறது. பிறகு திறந்தால் கோப்பு இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. "சேமித்தேனே ஐயா" என்று அழுகிறது. அந்தப் பிள்ளை சொல்வது பொய்யன்று. வட்டு மெதுவானது, ஒவ்வொரு எழுத்துக்கும் அதை எழுப்பினால் கணினி தவழும். ஆகையால் இயங்குதளம் எழுத வேண்டியதை முதலில் ரேமில் தேக்கிவைத்து, சற்றுப் பொறுத்து மொத்தமாக வட்டில் எழுதுகிறது. லினக்ஸில் இந்தத் தேக்கம் வழக்கமான அமைப்பில் 30 வினாடிவரை நீடிக்கலாம். உடனே எழுதித்தான் ஆக வேண்டும் என்று மென்பொருள் வற்புறுத்திக் கேட்கவும் வழியுண்டு. எல்லா மென்பொருளும் கேட்பதில்லை.

அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் வட்டின் கணக்கே குழம்பிவிடாதிருக்க, விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் இஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமைகள் நாட்குறிப்பு ஒன்றை வைத்திருக்கின்றன. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் அதில் குறித்துவிட்டுப் பிறகே உரிய இடத்தில் செய்கின்றன. இடையில் அணைந்து மீண்டும் எழும்போது குறிப்பைப் படித்து, முடிந்ததை முடித்தும் முடியாததை விலக்கியும் கணக்கை நேராக்கிக்கொள்கின்றன. ஆனால் பெரும்பாலும் அந்த நாட்குறிப்பு காப்பது கோப்பின் பெயர், அளவு, இருப்பிடம் ஆகிய விவரங்களையே. உள்ளே எழுதியதை அன்று. பெயர் இருந்து உள்ளடக்கம் வெறுமையாக இருந்ததன் காரணம் இதுவே. பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32 முறைமையில் இந்த நாட்குறிப்பும் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் மொத்தமும் படிக்க முடியாமல் போக வாய்ப்புண்டு. அண்மைய விண்டோஸ் பதிப்புகள் வெளி வட்டுகளுக்குத் தேக்கிவைப்பதை வழக்கமாகத் தவிர்க்கின்றன என்றாலும், பாதுகாப்பாக நீக்கு என்பதை அழுத்திவிட்டு எடுக்கும் பழக்கத்தை நான் விடச் சொல்வதில்லை. திருமண நிழற்படங்கள் இருந்த பென் டிரைவோடு கண்கலங்கி வந்தவர்களை வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

இதையொட்டி இன்னொன்று. விண்டோஸ் 8 முதல், கணினியை மூடும்போது கெர்னலின் நிலையை வட்டில் எழுதிவைத்து, மறுநாள் அதையே எடுத்து ஓட்டும் விரைவுத் தொடக்கம் என்ற வசதி பல கணினிகளில் செயலில் இருக்கிறது. எனவே கோளாறு வந்தால் மூடித் திறப்பதைவிட மறுதொடக்கம் செய்வதே முழுமையான புதுத் தொடக்கம். பலரும் இதற்கு நேர்மாறாகவே நம்புகிறார்கள்.

எழுத்துருவின் கதை இன்னும் ஆழமானது, நமக்கு நெருக்கமானதும்கூட. தமிழில் "கெ" என்று எழுதும்போது ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு இடப்புறம் நிற்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் அது சேமிக்கப்படும் வரிசையோ, முதலில் ககரம், பிறகு கொம்பு. "கொ" என்பதில் குறியின் ஒரு பாதி இடப்புறமும் மறுபாதி வலப்புறமும் தெரிந்தாலும், சேமிப்பில் அது ககரத்துக்குப் பின்வரும் ஒரே குறி. உள்ளே இருக்கும் வரிசையைக் கண் படிக்கும் வரிசைக்கு மாற்றி அடுக்குவது எழுத்துருவும், இயங்குதளத்தோடு வரும் எழுத்தடுக்கு நிரலும் சேர்ந்து செய்யும் வேலை. விண்டோஸ் 2000 பதிப்பு லதா எழுத்துருவோடு வந்தபோதுதான் மைக்ரோசாஃப்டின் இயங்குதளம் தமிழை இவ்வாறு அடுக்கக் கற்றுக்கொண்டது. அதற்கு முன் நாம் பாமினி போன்ற எழுத்துருக்களில் கொம்பை முதலில் அடித்து, ககரத்தைப் பிறகு அடித்து, கண்ணுக்குத் தெரிந்தபடியே சேமித்துவைத்தோம். எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தது தங்கள் அலுவலகத்தில் உள்ள மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

பர்மிய எழுத்திலும் இதே நிலைதான். எகர ஒலிக்குறி எழுத்துக்கு இடப்புறம் நிற்கும். யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். பர்மிய யூனிகோடைச் சரியாக அடுக்கிக்காட்டும் வசதி இயங்குதளங்களில் வந்து சேரத் தாமதமானது. விண்டோஸ் 8 வெளிவந்த 2012 வரை மைக்ரோசாஃப்டின் சொந்தப் பர்மிய எழுத்துருவே கிடையாது. தொடக்ககால ஆண்ட்ராய்டிலும் அந்த வசதி இல்லை. அந்த வெற்றிடத்தில் ஸாஜி என்ற எழுத்துரு நாடெங்கும் பரவியது. யூனிகோடின் எண்களையே அது பயன்படுத்தியது, ஆனால் தன் விருப்பப்படி. இயங்குதளம் அடுக்கித் தராததால் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனி எண் வேண்டியிருந்தது, அதற்காக இந்நாட்டின் மோன், கரேன், ஷான் மொழிகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்த எண்களையும் எடுத்துக்கொண்டது. விளைவு, ஒரே குறுஞ்செய்தி ஒரு கைப்பேசியில் ஒழுங்காகவும் மற்றொன்றில் குழறலாகவும் தெரிந்தது; தேடினால் கிடைக்கவில்லை; அந்த மொழிகளை ஸாஜியோடு ஒரே இடத்தில் எழுத முடியவில்லை. மோன் மாநிலத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளித் தோழர்களோடு செய்தி பரிமாறும்போது இதை நேரடியாகவே அனுபவித்தார்கள். 2019 அக்டோபர் 1 அன்று நாடு முறைப்படி யூனிகோடுக்கு மாறியது. பழைய கோப்புகளும் பழைய கைப்பேசிகளும் இன்னும் இருப்பதால் குழறல் முற்றிலும் ஓயவில்லை.

இதை வெறும் எழுத்துரு நிறுவும் சிக்கல் என்று கணினி மையங்கள் சொல்லிக்கொடுத்ததால், ஒரு தலைமுறை எழுத்துருவை மாற்றி மாற்றிப் போட்டே காலம் கழித்தது. எழுத்து என்பது உள்ளே எண்களின் வரிசை, அதற்கு உருக்கொடுப்பது இன்னொரு அடுக்கு என்று முதல் மாதத்திலேயே சொல்லியிருந்தால் பாதிக் குழப்பம் எழுந்திருக்காது.

விசைப்பலகையும் இதே கதைதான். எங்கள் வகுப்பில் சப்பானிய விசைப்பலகையோடு வந்த பழைய மடிக்கணினி ஒன்று உண்டு. அதில் பி (P) எழுத்துக்கு அடுத்த விசையில் மின்னஞ்சல் முகவரிக்கான அட் குறி அச்சிட்டிருக்கிறது. அழுத்தினால் சதுர அடைப்புக்குறி வருகிறது. விசைப்பலகை பழுது என்று அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். விசைப்பலகை அனுப்புவது எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டுமே. அது எந்த எழுத்து என்று தீர்மானிப்பது இயங்குதளத்தில் தேர்ந்தெடுத்துள்ள விசை அமைப்பு. அமெரிக்க அமைப்பைச் சப்பானிய அமைப்பாக மாற்றியதும் குறி வந்துவிட்டது. தமிழ்த் தட்டச்சுக்கான தமிழ்99 அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் எச் விசையில் ககரம் வருவதும் இந்த வழியில்தான் என்று அப்போதே சொல்லிக்கொடுத்தோம்.

மற்றொரு மடிக்கணினியில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பற்றது என்ற எச்சரிக்கை வந்தது. அதன் உரிமையாளர் ஏற்கெனவே ஒரு கடைக்குப் போயிருக்கிறார். ஃபார்மட் அடித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுக் காசு வாங்கியிருக்கிறார்கள், உள்ளே இருந்த குடும்பப் படங்கள் போயின, எச்சரிக்கை மட்டும் மறுநாளே திரும்பி வந்துவிட்டது. காரணம் தாய்ப்பலகையில் இருக்கும் பொத்தான் வடிவப் பேட்டரி தீர்ந்துபோனதுதான். ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போனது. இணையதளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டாகையால், இன்னும் பிறக்காத சான்றிதழை இயங்குதளம் எப்படி நம்பும்? புதிய பேட்டரி போட்டு, நேரத்தைத் திருத்தி, மண்டலத்தைக் கிரீன்விச்சுக்கு ஆறரை மணி நேரம் முன்னதாக உள்ள யாங்கோன் நேரத்தில் வைத்ததும் எல்லாம் திறந்தன.

வரலாற்றை நான் வகுப்பில் அதிகம் இழுப்பதில்லை. முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை என்று பட்டியல் போட்டு உருப்போட வைப்பது தேர்வுத்தாளுக்கே உதவும். எனினும் சில செய்திகளைச் சொல்லத்தான் வேண்டும். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் என்ற இயங்குதளம், 1973இல் சி மொழியில் திரும்ப எழுதப்பட்டதால் ஒரே இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்காமல் வேறு வேறு கணினிகளுக்குப் போக முடிந்தது. அதன் வழிமுறையைப் பின்பற்றி 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னலே இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடியில் ஓடுகிறது. 2017 நவம்பர் முதல் உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகளும் லினக்ஸில்தான் இயங்குகின்றன. கையில் இருக்கும் மலிவான கைப்பேசிக்கும் அந்த மாபெரும் இயந்திரங்களுக்கும் கரு ஒன்றே என்று சொல்லும்போது பின்வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

கைப்பேசி பற்றி ஒரு சொல். பிள்ளைகள் கைப்பேசியிலேயே எல்லாவற்றையும் செய்துகொள்கிறார்கள், இந்தப் பாடம் எதற்கு என்று பெற்றோர் கேட்கிறார்கள். கைப்பேசியிலும் ஓடுவது இயங்குதளமே. ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலியையும் தனித்தனிப் பயனராகக் கருதி, ஒன்றின் கோப்புகளை மற்றொன்று பார்க்காதபடி அடைத்துவைக்கிறது. அந்த அடைப்பைத் தாண்டித் தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் பார்க்க வேண்டுமானால் செயலி நம்மிடம் அனுமதி கேட்டாக வேண்டும். டார்ச் விளக்குச் செயலிக்குத் தொடர்பு எண்கள் எதற்கு என்று கேட்கத் தோன்றாமல் அனுமதி கொடுத்துவிடுவது, அந்தக் கேள்வியின் பின்னே இயங்குதளம் நிற்கிறது என்று யாரும் சொல்லித்தராததால் வருவது.

உரிமம் இல்லாத விண்டோஸ் இங்கே கடைகளில் சாதாரணமாகப் போட்டுத் தரப்படுகிறது. தொல்லை இல்லாமல் இருக்கட்டும் என்று புதுப்பிப்புகளையும் நிறுத்திவிடுகிறார்கள். இணையத் தரவுக்குக் காசு எண்ணிக் கொடுப்பவர்கள் அதை வரவேற்கவும் செய்கிறார்கள். 2017 மே மாதத்தில் வானாகிரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. புதுப்பிக்காதவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் புதிய தலைமுறைப் பிராசஸரும் எங்களிடம் உள்ள பழைய கணினிகளில் இல்லை. இவற்றைக் குப்பையில் போடுவதா, ஓட்டையோடு ஓட்டுவதா என்ற கேள்விக்கு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம் என்பதே எங்கள் விடை. வட்டில் உள்ள எதையும் தொடாமல் சோதிக்க முடிகிறது, பிடித்தால் நிறுவலாம். எல்லாருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். கணக்கு அலுவலகங்களில் விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருளை நம்பியிருப்பவர்கள் உடனே மாற முடியாது. சில அச்சுப்பொறிகளுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைப்பதில்லை. ஆனால் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு இயங்குதளங்களையாவது பார்த்த பழக்கம் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தவன் அதன் பொத்தான்களைக் கற்கிறான். இரண்டைப் பார்த்தவனுக்கே கோப்புறை, பயனர் உரிமை, டிரைவர் போன்றவை எங்கும் பொதுவானவை என்று பிடிபடுகிறது.

ஆசிரியர் அவர்களே, தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் இந்தப் பொருள் கணினி அறிவியல் பாடத்தின் பகுதியாகத் தமிழிலேயே கற்பிக்கப்படுகிறது. அந்தப் பாடம் தேர்வை நோக்கி எழுதப்பட்டது; இந்தியக் கல்விமுறைக்கு வெளியே வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு அதன் நடை எளிதில் ஒட்டுவதில்லை. பள்ளியில் பர்மியமும் ஆங்கிலமும், வீட்டிலும் கோயிலிலும் தமிழும் பேசும் அவர்களுக்கு, தங்கள் இதழின் கணினிப் பகுதியே வாரந்தோறும் கிடைக்கும் தமிழ் வாசிப்பு. அப்பகுதியில் புதிய கைப்பேசிகளின் விலைப்பட்டியலுக்குத் தரும் இடத்தில் பாதியையாவது இயங்குதளம் பற்றிய தொடர் ஒன்றுக்கு ஒதுக்க வேண்டுகிறேன். பூட் ஆவதில் தொடங்கி, கோப்பு முறைமை, நினைவகம், பயனர் உரிமை, எழுத்தடுக்கு என்று, ஒவ்வொரு வாரமும் வீட்டுக் கணினியிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சிறு சோதனையோடு அது அமைந்தால் நன்று. வகுப்பில் நாங்கள் பயன்படுத்தும் தமிழ்க் குறிப்புகளை அனுப்பிவைக்கவும் அணியமாக இருக்கிறோம். திருத்தியோ சுருக்கியோ தங்கள் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் தொடரை இணையப் பதிப்பில் பக்கத்தின் படமாகப் போடாமல் எழுத்தாகவே வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். படமாக வரும் பக்கம் எங்கள் இணைப்பில் இறங்க நேரமாகிறது; இறங்கியபின்னும் அதில் ஒரு சொல்லைத் தேடவோ, ஒரு பத்தியை மட்டும் எடுத்து வகுப்புக்கு அனுப்பவோ முடிவதில்லை.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
யாங்கோன், மியன்மா.